கூரை போட்ட மரப்பாலம்: கேள்வி பதில்

அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றின் மேல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கார்னிஷ், வெர்மான்ட் மாநிலத்தின் விண்ட்சர் ஊர்களை இணைக்கும் கூரை போட்ட மரப்பாலத்தைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

பாலத்துக்கு எதற்கு ஐயா கூரை? குதிரைகள் ஆற்றைப் பார்த்து மிரளாமல் இருக்கவா? (திருநெல்வேலி)

இல்லை, மரம் நனையாமல் இருக்க. 1805-இல் பிலடெல்பியாவில் மரப்பாலம் கட்டி முடித்த திமோத்தி பாமர், மூடாமல் விட்டால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு, மூடினால் முப்பது நாற்பது ஆண்டு நிற்கும் என்றார். கார்னிஷ் பாலம் கட்டியது 1866-இல். இன்றும் கார்கள் போகின்றன. குதிரை மிரளாதது கொசுறு. கூரை ஒழுகத் தொடங்கினால் பாலத்துக்கு நாள் குறித்தாயிற்று. இதை நினைவில் வையுங்கள்.

அதன் கட்டமைப்பை விளக்க முடியுமா? (பொறியியல் மாணவி, திருச்சி)

மகிழ்ச்சியாக. 1820-இல் இத்தியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். பலகைகளைச் சாய்வாகக் குறுக்கும் நெடுக்கும் கிராதியாக அடுக்கி, வெட்டும் இடந்தோறும் துளையிட்டு மர ஆணி அடிப்பது. பெரிய உத்தரங்கள் வேண்டாம், இரும்பு அதிகம் வேண்டாம், ஊர்த் தச்சரே போதும். சுமை பல கணுக்களில் பரவுவதால் ஒரு பலகை உளுத்தாலும் பாலம் உடனே விழாது. டவுன் இந்த வடிவத்தின் உரிமையை விற்று, பால நீளத்தில் அடிக்கு இவ்வளவு என்று காசு பார்த்தார்.

கார்னிஷ் பாலத்தைக் கட்டிய ஜேம்ஸ் டாஸ்கரும் பீலா ஃபிளெச்சரும் இங்கே பலகைக்குப் பதிலாகச் சதுர மரங்களைப் பயன்படுத்தி, வெட்டும் இடங்களில் குடைந்து பொருத்தினார்கள். நடுவே ஒரு தூண், இருபுறமும் இருநூறு அடிக்குச் சற்று மேற்பட்ட இரு கண்கள். செலவு 9,000 டாலர். காலப்போக்கில் பாலம் தொய்ந்தது. 1980-களின் இறுதியில் பலகைகளை அடுக்கிப் பசையால் ஒட்டிச் செய்த உத்தரங்களைச் சேர்த்துச் சீரமைத்தார்கள்.

பனி விழாமல் தடுக்கத்தானே கூரை? (பெங்களூரு)

நேர்மாறு. அக்காலத்தில் பனிக்காலத்தில் போனது சறுக்கு வண்டி. வெறும் மரத்தளத்தில் அது வழுக்காது. எனவே உள்ளே பனியை அள்ளிப் போட்டுப் பரப்ப ஆள் வைத்தார்கள்.

அப்படியானால் கூரை மேல் சேரும் பனி வீண் சுமைதானே? திறந்த தளமாக விட்டிருக்கலாமே! (அதே பெங்களூரு வாசகர்)

விடமாட்டீர்கள் போல. சரிவான கூரையில் பனி வழுகி விழும்; திறந்த தளத்தில் அப்படியே கிடக்கும். அக்காலத்தில் சாலைப் பனியை வழிப்பதில்லை, உருளை ஓட்டி அழுத்துவார்கள். அழுத்திய பனி கரைந்து ஊறுவது எங்கே? உங்கள் உத்தரத்துக்குள். கூரையின் எடை முழுவதும் அதற்குக் கொடுக்கும் விலை, நியாயமான விலை.

குதிரைகள் மிரளும் என்று என் பாட்டனார் சொன்னார்... (கோவை)

முதல் பதில்.

உலகிலேயே நீளமானதா? (சேலம்)

இல்லை. கனடாவின் ஹார்ட்லண்ட் பாலம் 1,282 அடி. இது சுமார் 450.

எங்கள் தோட்டத்து ஓடைக்கு மரப்பாலம் போட மதிப்பீடு தருவீர்களா? (பொள்ளாச்சி)

உள்ளூர்ப் பொறியாளரைப் பாருங்கள். ஓடு வேய்ந்தால் ஒழுகாமல் வேயச் சொல்லுங்கள்.

பாலம் யாருக்குச் சொந்தம்? (சென்னை)

தனியாரிடம் இருந்ததை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் வாங்கியது. 1943 வரை சுங்கம் உண்டு. 1933-இல் உச்ச நீதிமன்றம் வெர்மான்ட் பக்கத் தாழ்நீர்க் கோடு (நீர் குறைந்திருக்கும்போது அது கரையைத் தொடும் இடம்) வரை ஆறு நியூ ஹாம்ப்ஷயருடையது என்று தீர்த்தது. ஆகவே பாலத்தின் பெரும்பகுதி அவர்களுடையது, கூரைச் செலவும் சேர்த்து.