டிடெக்டிவ் ஏஜென்சி காட்டும் 'லைசென்ஸ்': வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் 5 கடிதங்கள் துப்பறியும் ஏஜென்சிகளைப் பற்றியவை. பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு இந்தச் செலவு அடிக்கடி வருகிறது போலும். எல்லாவற்றையும் ஒரே இதழில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகளுக்கு பெங்களூருவிலிருந்து வரன் வந்திருக்கிறது. பையன் ஐ.டி. கம்பெனியில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது, ஆனால் அங்கே விசாரிக்க நமக்கு ஆள் இல்லை. தரகர் சொன்ன டிடெக்டிவ் ஏஜென்சி 45,000 ரூபாய் கேட்கிறது, பாதி முன்பணம். 'அரசு லைசென்ஸ் பெற்றது' என்று வாட்ஸ்ஆப்பில் சான்றிதழும் அனுப்பினார்கள். அது அசலா என்று எங்கே சரிபார்ப்பது?
– ஒரு தகப்பன், பாலக்கோடு

பதில்: சரிபார்க்க இடமே இல்லை ஐயா. தனியார் துப்பறிவாளருக்கென்று இந்தியாவில் லைசென்ஸ் கிடையாது. கொடுக்கலாம் என்று 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவே ஆகவில்லை. ஆக, யார் வேண்டுமானாலும் நாளைக்கே போர்டு மாட்டலாம். அது குற்றமில்லை. 'லைசென்ஸ் இருக்கிறது' என்று சொல்வதுதான் பொய்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூவர்ணப் பட்டை, க்யூ.ஆர். கோடு எல்லாம் அசல்தான். ஆனால் அது சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவுச் சான்று. ஆதார் எண்ணை வைத்து இலவசமாக, நாமே விவரம் நிரப்பி எடுப்பது. 'புலனாய்வுப் பணிகள்' என்று அதில் இருப்பதும் அவர்களாகவே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தது. யாரும் வந்து பார்த்துக் கொடுத்ததில்லை. சில ஏஜென்சிகள் இதைவிட கெட்டிக்காரத்தனமாக, 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டத்தின்படி வாங்கிய லைசென்ஸைக் காட்டுவார்கள். அது மாநில அரசு கொடுக்கும் நிஜமான லைசென்ஸ்தான், ஆனால் வாட்ச்மேன், செக்யூரிட்டி கார்டு அனுப்புவதற்கு. பின்தொடர்வதற்கு அல்ல. ஐ.எஸ்.ஓ. முத்திரை, சங்க உறுப்பினர் அட்டை இவையும் அதே கதைதான்.

அதனால் லைசென்ஸைக் கேட்காதீர்கள், பில்லைக் கேளுங்கள். அதில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண் எழுத்தும் இலக்கமுமாக 15 இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்துக்குக் கீழே என்றால் பதிவு இல்லாமல் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் பதிவே இல்லாமல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, 45,000-க்கு என்ன தருவார்கள் என்று எழுத்தில் வாங்குவது. 'முழு விசாரணை' என்ற இரண்டு சொல்லுக்குள் எதையும் அடக்கலாம், எதையும் விட்டுவிடலாம். வேலை பார்க்கும் இடம், பதவி, குடியிருக்கும் வீடு, கூட இருப்பவர்கள், முன்பு திருமணம் நடந்ததா, வழக்கு உண்டா என்று ஒவ்வொன்றாக எழுதி, எத்தனை நாளில், எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்பதையும் கேளுங்கள். 'சிபில் ரிப்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துத் தருகிறோம்' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாமல் அவற்றை எடுக்க நேர்வழி இல்லை.

இந்தப் பட்டியலில் பாதியைச் செலவில்லாமல் நீங்களே பார்க்கலாம். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டு மாவட்ட நீதிமன்ற வழக்குகளைத் தேடலாம். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள், அப்பா பெயரையும் ஊரையும் ஒத்துப்பார்க்க வேண்டும். தேடி எதுவும் வரவில்லை என்பதால் வழக்கே இல்லை என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. சம்பளத்துக்குக் கம்பெனி தரும் வரிப்பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ஐயும் படிப்புக்கு டிகிரி சான்றிதழையும் பையன் வீட்டாரிடமே கேளுங்கள். 'கோபித்துக்கொள்வார்களே' என்று நினைப்பீர்கள். பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கும்போது நாம் கோபித்துக்கொண்டோமா? இதற்கு மேலும் சந்தேகம் மிச்சமிருந்தால் அந்த மிச்சத்துக்கு மட்டும் ஏஜென்சியை வையுங்கள், மூன்று தவணையாகப் பணம் கொடுங்கள்.

கேள்வி: ஓசூரில் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் சேல்ஸ் ஆள் பார்ட்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்கிறார் என்று சந்தேகம். பின்தொடர ஏஜென்சி வைத்தேன். ஒரு நாளைக்கு 12,000, குறைந்தது 5 நாள். முதல் நாள் ரிப்போர்ட்: 'வீட்டை விட்டு வெளியே வரவில்லை'. இரண்டாம் நாள்: 'சிக்னலில் தவறவிட்டோம்'. மூன்றாம் நாள்: 'டீக்கடையில் 40 நிமிடம்'. என்னை ஏமாற்றுகிறார்களா?
– பட்டறை உரிமையாளர், ஓசூர்

பதில்: ஏமாற்றலாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உண்மையாக உழைத்தவர்களின் ரிப்போர்ட் போலத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னால், போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்தத் தொழிலுக்கு வந்த ஒருவருடன் ஒரு நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு குடியிருப்பு. விடியற்காலை ஐந்தரைக்கே போய்விட்டோம். ஆறு மணிக்குப் பால்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஏழு மணிக்குத் தெரு நாய்கள் வண்டியைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. எட்டு மணிக்கு ஒரு பெரியவர் கண்ணாடியைத் தட்டி, "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்றார். இவர் அசராமல், "பொண்ணு பாக்க வந்தோம் ஐயா, ராகுகாலம் போகட்டும்னு உக்காந்திருக்கோம்" என்றார். பெரியவர் காபி கொடுக்கக் கூப்பிட்டார்! வேறு வழியில்லாமல் வண்டியை அடுத்த தெருவுக்குத் தள்ளினோம், அங்கிருந்து வீட்டு வாசல் பாதிதான் தெரிந்தது. எட்டு ஐம்பதுக்கு, நாங்கள் கண்காணிக்கப் போன ஆள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். மேம்பாலத்துக்கு அடியில் ஒரு மணல் லாரி குறுக்கே வந்தது, அவ்வளவுதான். மறுபடி அவரைப் பிடித்தது மதியம் இரண்டரைக்கு, அதுவும் அவர் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் எங்களுக்குத் தெரிந்திருந்ததால். 11 மணி நேரத்தில் 4 போட்டோ. முகம் தெரிந்தது ஒன்றில்.

கண்காணிப்பு வேலை என்பது இதுதான். நீங்கள் வாங்குவது கண்டுபிடிப்பை அல்ல, காத்திருக்கும் நேரத்தை. அதில் ஆள் வெளியே வராத நாளுக்கும் கூலி உண்டு. ஒரே ஆள், ஒரே வண்டி என்றால் பத்து நிமிடத்தில் கோட்டைவிடுவார்கள். டூவீலரில் ஒருவர், காரில் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். 12,000 அதற்குத்தானா என்று கேளுங்கள். ஓசூரில் கே.ஏ. நம்பர் வண்டி நின்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே வண்டி பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் அரை மணி நேரம் நின்றால் ஊரே கூடிவிடும். டோல்கேட்டில் இரண்டு வண்டி பின்தங்கினாலே ஆள் போய்விடுவார். அதனால் 'தவறவிட்டோம்' என்று எழுதுகிறவரை நான் கொஞ்சம் நம்புவேன். நான் பயப்படுவது ஐந்தாம் நாள் மாலையில் மட்டும் 'முக்கியமான துப்பு கிடைத்திருக்கிறது, இன்னும் 3 நாள் வேண்டும்' என்று வரும் ரிப்போர்ட்டுக்கு.

ஏஜென்சி ஆட்கள் நிஜமாகவே போனார்களா என்று பார்க்க வழி இருக்கிறது. நேரம் போட்ட குறிப்பு கேளுங்கள். போட்டோவை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்கள் அழிந்துவிடும், மூலக் கோப்பையே பென் டிரைவில் வாங்குங்கள். டோல் தாண்டினோம் என்று எழுதியிருந்தால் அன்றைய ஃபாஸ்டேக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் பில்லில் நேரம் அச்சாகியிருக்கும்.

மிச்சமுள்ள 2 நாளைத் தொடர்ச்சியாகச் செலவழிக்காதீர்கள். 'கோயம்புத்தூர் பார்ட்டியைப் பார்க்கப் போகிறேன்' என்று அவர் சொல்லும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் அந்தப் பார்ட்டிக்கு முதலிலேயே ஒரு போன் போட்டிருந்தால் இந்த மூன்று நாளின் 36,000 மிச்சமாகியிருக்கும். வண்டி கம்பெனியுடையது என்றால், ஆளிடம் சொல்லிவிட்டே ஜி.பி.எஸ். பொருத்தலாம். அவருடைய சொந்த வண்டியில் திருட்டுத்தனமாக ஒட்டினால் வம்பு உங்கள் தலையில்.

இன்னொன்று. இது தொழிலுக்காக வாங்கிய சேவை. நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாக வைக்கும். ஒப்பந்தத்தை உறுதியாக எழுதிக்கொள்வதுதான் உங்களுக்குக் காப்பு.

கேள்வி: கணவர் பெங்களூருவில் வேலை பார்க்கிறார். வேறு தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது. 60,000 கொடுத்தால் அவருடைய 6 மாத கால் லிஸ்ட்டும் வாட்ஸ்ஆப் மெசேஜும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கோர்ட்டில் செல்லுமா?
– பெயர் வேண்டாம், தருமபுரி

பதில்: அம்மா, அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கால் லிஸ்ட்டைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் அதிகாரம் போலீஸ் உயரதிகாரிகள் போன்ற, சட்டம் அனுமதித்த அரசு அமைப்புகளுக்கும் நீதிமன்றத்துக்கும்தான். தனி ஆள் ஒருவர் தருகிறார் என்றால் உள்ளே யாருக்கோ லஞ்சம் போயிருக்கிறது, இல்லையென்றால் பட்டியலே போலி. 2018-ல் மகாராஷ்டிராவின் தாணேயில் கால் லிஸ்ட் விற்ற வழக்கில் தனியார் துப்பறிவாளர்கள் வரிசையாகக் கைதானார்கள். அடுத்தவர் போனில் வேவு பார்க்கும் செயலி போடுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். போட்டது ஏஜென்சி என்றாலும் போடச் சொன்னது நீங்கள். போதாததற்கு, இதையே வைத்து அந்த ஆள் பிறகு உங்களை மிரட்டவும் கூடும். வெளியே சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

கோர்ட்டில் செல்லுமா என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். 2024 அக்டோபரில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த கால் பட்டியலை ஏற்க முடியாது என்றது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், கணவர் ரகசியமாகப் பதிவு செய்த மனைவியின் பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னதில் பதிவானது கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு. மூன்றாம் ஆள் திருடிக் கொடுத்த பட்டியலுக்கு அது கதவு திறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வழக்குப் போடுவதாக இருந்தால், கால் விவரத்தை வரவழைக்கக் கோரி உங்கள் வக்கீல் குடும்ப நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். தொலைபேசி நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு அந்த விவரத்தை வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் தள்ளிப்போடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போன் 15100.

கேள்வி: சொத்துத் தகராறில், ஊரை விட்டுப் போன பங்காளியின் முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு ஏஜென்சிக்கு 30,000 கொடுத்தேன். 5 மாதம் ஆகிறது. ரிப்போர்ட் இல்லை, போனும் எடுப்பதில்லை. பில் கொடுக்கவில்லை, ஜிபேயில் அனுப்பினேன்.
– அரூர் வாசகர்

பதில்: ஜிபே கணக்கும் வாட்ஸ்ஆப் உரையாடலும் போதும். முதலில் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்சி பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தருமபுரியிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு. முகவரி தேடுவது நேர்மையான வேலை என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. மேலே கேட்ட அம்மா 60,000-ஐக் கொடுத்து ஏமாந்திருந்தால், சட்டவிரோத வேலைக்குக் கொடுத்த பணத்தை எந்த ஆணையத்திலும் கேட்க முடியாது.

கேள்வி: டிடெக்டிவ் கோர்ஸ், 3 மாதம், 20,000 ரூபாய், முடித்தால் அரசு அடையாள அட்டை என்கிறார்கள். சேரலாமா?
– பட்டதாரி, காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, அப்படி ஓர் அரசு அட்டை கிடையாது. சிங்கப்பூரில் இந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டும். கலிபோர்னியாவில் 6,000 மணி நேர அனுபவம் காட்டித் தேர்வும் எழுத வேண்டும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. அசோகச் சின்னம் போட்ட அட்டையை நீட்டி 'போலீஸ்' என்று யாரையாவது நம்பவைத்தால் அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்த வழக்குதான் வரும். இந்த வேலையில் ஆசை இருந்தால் ஏதாவது ஏஜென்சியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்து பாருங்கள். அவர்கள் முதலில் கேட்பது டூவீலர் ஓட்டத் தெரியுமா, கன்னடம் பேச வருமா என்பதைத்தான்.