புயல் கேள்வி-பதில்: படத்தில் தேதி இருக்கிறதா?

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வருவதில் பாதி "சார், மழை வருமா?" என்ற ஒற்றை வரிதான். எந்த ஊர், என்றைக்கு, ஒன்றும் இருக்காது. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். ஊரையும் விஷயத்தையும் ஒழுங்காக எழுதியவர்களுக்கு இந்தப் பதில்கள். ஒழுங்காக எழுதாத ஒருவருக்கும் உண்டு, அது வேறு காரணத்துக்காக.

கேள்வி: கடலிலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். புயல் வந்தால் வேலூருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? டிவிக்காரர்கள் சும்மா பயமுறுத்துகிறார்களா? (சத்துவாச்சாரி)

காற்றைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. தரையேறிய புயலுக்குக் கடலின் ஈரம் நின்றுபோகிறது, தரையின் உரசலில் வேகமும் குறைகிறது. நம்மிடம் வந்து சேரும்போது முருங்கையும் வாழையும் சாய்கிற அளவுக்குத்தான் மிச்சம் இருக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டால் கதை வேறு. 2021 நவம்பர் 19 விடியற்காலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது புயலே இல்லை. வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். பெயர்கூட வைக்கவில்லை. அதற்கே பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. 1903 வெள்ளத்துக்குப் பிறகு பாலாறு அப்படி ஓடியதில்லை. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அமெரிக்காவிலும் இதே பாடம்தான். 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் கரையேறியது ஃபுளோரிடாவில். ஊர் ஊராக வாரிக்கொண்டு போனதோ வட கரோலைனாவின் ஆஷ்வில் மலைப்பக்கத்தில், ஏறக்குறைய 600 கி.மீ. உள்ளே. கடல் தூரம் என்கிற தைரியம் காற்றுக்கு மட்டும்தான் செல்லும்.

கேள்வி: புயலுக்குப் பெயர் வைப்பது யார்? (ஆற்காடு)

வங்கக் கடல், அரபிக் கடலைச் சுற்றியுள்ள 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்திருக்கின்றன. வரிசைப்படி அடுத்ததை டெல்லியிலுள்ள நம் வானிலைத் துறை எடுத்து வைக்கும். நிவர் ஈரான் கொடுத்தது, ஃபெஞ்சல் சவுதி அரேபியா கொடுத்தது. பெயருக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டாம்பா நகரத்தில் வேலை பார்க்கிறான். போன வருஷத்துக்கு முந்தின அக்டோபரில் மில்டன் புயல் நேராக அவன் ஊரைத்தான் அடிக்கும் என்றார்கள். நாங்கள் இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காக்காரன் கணக்கும் தப்புமா? (காட்பாடி, ஒரு தாயார்)

மகன் பத்திரமாக இருப்பதில் சந்தோஷம் அம்மா. ஆனால் கணக்கு தப்பவில்லை. 2024 அக்டோபர் 9 இரவு மில்டன் கரையேறிய இடம் சியெஸ்டா கீ. டாம்பாவிலிருந்து தெற்கே 80 கி.மீ. சுமார். அந்த அளவு விலகல் முந்தின நாள் கணிப்பிலேயே எதிர்பார்க்கப்பட்டதுதான். டிவியில் புயல் போகும் பாதைக் கோட்டைச் சுற்றி ஒரு வெள்ளைக் கூம்பு காட்டினார்களே, அது எதற்கு? கடந்த ஐந்து வருஷத்துக் கணிப்புப் பிழைகளை எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு உள்ளே அடங்குகிற மாதிரி வரைகிறார்கள். அதாவது மூன்றில் ஒரு தடவை புயலின் மையம் கூம்புக்கு வெளியேயும் போகலாம். அதுவும் மையத்துக்கு மட்டும்தான். மழையும் காற்றும் கூம்பின் ஓரத்தில் நிற்காது. கோட்டைப் பார்க்காதீர்கள், கூம்பைப் பாருங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

அந்த 80 கி.மீ. எப்படிக் காப்பாற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நமக்கும் உதவும். நம் பாதி உலகத்தில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழலும். டாம்பா மேற்கு பார்த்த கரை. மையம் தெற்கே போனதால் டாம்பாவில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடித்தது. குடாவின் தண்ணீரே உள்வாங்கியது. தெற்கே இருந்தவர்கள் வீட்டுக்குள் கடல் வந்தது. ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லாதீர்கள், பக்கத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 45 செ.மீ.க்கு மேல் மழை.

நம்முடையது கிழக்கு பார்த்த கரை, அதனால் தலைகீழ். மையம் நமக்குத் தெற்கே, புதுச்சேரி பக்கம் ஏறினால் கடல் காற்று நம் பக்கம் வரும், மழை கொட்டும். நெல்லூர் பக்கம் ஏறினால் நமக்கு வடமேற்கிலிருந்து வறண்ட காற்று. பொதுவாக மேகமூட்டத்தோடு சரி.

கேள்வி: சார் 12ம் தேதி வேலூரை சூப்பர் புயல் தாக்குமாம். குரூப்பில் வந்தது. படம் அனுப்பியிருக்கிறேன். உண்மையா பொய்யா உடனே சொல்லவும். (ஊர், பெயர் இல்லை)

எந்த மாதம் 12ம் தேதி? உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் படத்தில் இல்லை. மேல் ஓரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டப்பட்ட அந்த ஒரு வரிதான் படத்தின் உயிர். எந்த மாடல் (வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கு), என்றைக்கு எத்தனை மணிக்கு ஓட்டியது, எத்தனை மணி நேரத்துக்கு அப்புறம் வரப்போவதைக் காட்டுகிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். "00 இசட்" என்று இருந்தால் நம் நேரம் காலை ஐந்தரை. "12 இசட்" என்றால் மாலை ஐந்தரை. பக்கத்தில் 240 என்று இருந்தால் பத்து நாள் தள்ளி. படத்தில் தேதி இருக்கிறதா என்று பார்க்காமல் எனக்கு எதையும் அனுப்பாதீர்கள் என்று வருஷா வருஷம் எழுதுகிறேன்.

இந்தப் படங்கள் எங்கே பிறக்கின்றன என்று கேளுங்கள். அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஓடும், ஒவ்வொரு தடவையும் 16 நாளுக்குக் கணக்குப் போடும். ஆக வாரத்துக்கு 28 விதமான எதிர்காலம். வங்கக் கடலில் இன்னும் ஒரு மேகக் கூட்டம்கூட உருவாகாதபோது இந்த 28ல் இரண்டோ மூன்றோ பூதாகரமான புயலைக் காட்டத்தான் செய்யும். வெப்பக் கடலில் இல்லாத புயலை உருவாக்கிக் காட்டுவது அந்த மாடலின் பழைய வியாதி. மிச்சம் 25ல் புயலே இருக்காது. அந்த 25ஐ எவனாவது உங்கள் குரூப்பில் போட்டிருக்கிறானா? போடமாட்டான். பயப்படுத்தாத படத்தை யார் பார்ப்பார்கள்?

ஒரே ஓட்டத்தை நம்பக்கூடாது என்பதால்தான் பெரிய மையங்கள் ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாடலைப் பல தடவை ஓட்டுகின்றன. ஐரோப்பிய வானிலை மையம் 51 தடவை. ஐம்பதுக்கு நாற்பது ஒரே பக்கம் கைகாட்டினால் கவனிக்க வேண்டியது. நாலா பக்கமும் சிதறினால் பேசாமல் இருக்க வேண்டியது. நம் வானிலைத் துறை, தாழ்வு மண்டலம் உருவான பிறகே பாதையை வரைகிறது, அதுவும் ஐந்து நாளுக்கு மட்டும். சோம்பேறித்தனம் இல்லை அது. ஒரு நாள் முன்பு சொல்லும் பாதையில் சராசரியாக எழுபது எண்பது கி.மீ. விலகல் வரும், மூன்று நாள் முன்பு சொன்னால் நூற்றைம்பது சொச்சம். பிறக்கவே பிறக்காத புயலுக்குப் பத்து நாள் முன்பே தெருப் பெயரோடு பாதை சொல்கிறவனை என்ன சொல்வது?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படி ஒரு படத்தைப் பார்த்து மஞ்சள் நீராட்டு விழாவைத் தள்ளி வைத்தார்கள். பந்தல்காரர் அட்வான்ஸைத் திருப்பவில்லை, சமையல்காரரும் திருப்பவில்லை. அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. நான் வாங்கிப் பார்த்தேன்: அது 2016 வர்தா புயலின் செயற்கைக்கோள் படம், தேதி மட்டும் வெட்டப்பட்டது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் நிஜமாகவே சிவப்பு எச்சரிக்கை வந்தபோது அதே வீட்டுக்காரர், "இவங்க எப்பவும் இப்படித்தான் சொல்வாங்க" என்று மாட்டைத் தாழ்வான கொட்டகையிலேயே கட்டிவிட்டுப் போனார். என் ஆத்திரம் அங்கேதான். எனவே ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில்: பொய். படத்தை அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலூருக்கு எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்? (வேலப்பாடி)

கூண்டு துறைமுகத்தில் கப்பல்களுக்கு. பாலாற்றில் கப்பல் ஓடும்போது கேளுங்கள். நமக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைதான்.

கேள்வி: ஒரு புயல் நேராக வருகிறது, இன்னொன்று திரும்பி ஓடுகிறது, வேறொன்று நின்றுவிடுகிறது. எதனால்? (ஆரணி, கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. புயலுக்குச் சொந்தக் கால் கிடையாது. அதைச் சுற்றி, தரையிலிருந்து மூன்று முதல் ஒன்பது கி.மீ. உயரம் வரை ஓடுகிற பெரிய காற்றோட்டம்தான் தூக்கிக்கொண்டு போகிறது. வடக்கே உயரழுத்தம் பலமாக உட்கார்ந்திருந்தால் புயல் மேற்கே, நம் பக்கம் வரும். அந்த உயரழுத்தத்தில் ஓட்டை விழுந்தாலோ, மேற்கத்தியக் காற்று தெற்கே இறங்கி வந்தாலோ, புயல் வடக்கே ஏறி வடகிழக்காகத் திரும்பிவிடும். பூமி உருண்டையாகச் சுழல்வதால் புயலுக்குத் தானாகவே வடமேற்காக ஒரு சின்ன நகர்வும் உண்டு. எல்லாவற்றுக்கும் விதிவிலக்கு 2013 டிசம்பரில் வந்த மாதி புயல். நடுக்கடலில் வடக்கே போய்க்கொண்டிருந்தது தென்மேற்கே திரும்பி, பலமெல்லாம் போய் வேதாரண்யம் பக்கம் கரையேறியது.

இழுக்கிற காற்று இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் புயல் நின்றுவிடும். இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் பல மணி நேரம் நகராமல் அங்கேயே கிடந்தது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியானார்கள். கடந்தது மையம்தான். மறுநாள் திருவண்ணாமலை மலையில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள். மிச்சம் மீதியாக உள்ளே வந்ததே கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரு நாளில் 50 செ.மீ. கொட்டிவிட்டுப் போனது. நம் திருப்பத்தூரிலிருந்து பக்கம்தான் ஊத்தங்கரை.

கேள்வி: அமெரிக்காவில் விமானத்தைப் புயலுக்குள்ளேயே ஓட்டுகிறார்களாமே, நாம் ஏன் செய்வதில்லை? (அரக்கோணம்)

அங்கே அதற்கென்றே விமானப்படைப் பிரிவு உண்டு. புயலின் நடுவிலுள்ள கண்ணுக்குள் புகுந்து, பாராசூட்டில் கருவிகளைப் போடுவார்கள். அது விழும் வழியெல்லாம் அழுத்தம், காற்று, ஈரம் சொல்லிக்கொண்டே போகும். வங்கக் கடலில் அப்படி வழக்கமான பறப்பு கிடையாது. நமக்கு இன்சாட் செயற்கைக்கோள்தான் கண். மேகத்தின் சுருளையும் கண்ணின் சூட்டையும் பார்த்து எண் போட்டு வேகத்தைக் கணக்கிடும் டுவோராக் முறை 1970களிலிருந்து உலகம் முழுக்க உள்ளது. பாதைக்கு அது போதும். பலத்துக்குப் பல சமயம் போதாது. விமானம் வைத்திருக்கிறவர்களும் ஏமாறுகிறார்கள்: 2023 அக்டோபரில் ஓட்டிஸ் என்ற புயல் ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து உச்ச பலமான ஐந்தாம் வகைக்கு ஏறி மெக்சிகோவின் அகாபுல்கோவை நொறுக்கியது. எந்த மாடலும் சொல்லவில்லை.

கேள்வி: சென்னை ரேடாரில் ஆம்பூர் மேல் ஒரே சிவப்பு. ஒரு சொட்டு விழவில்லை. ரேடார் ரிப்பேரா? (ஆம்பூர்)

ரேடார் நன்றாக இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால் சென்னையிலிருந்து கிளம்பும் கதிர் வேலூர் வரும்போதே ஒன்றரை, இரண்டு கி.மீ. உயரத்தில் போகும், ஆம்பூரில் இன்னும் மேலே. அங்கே இருக்கிற மழை கீழே வருவதற்குள் காய்ந்தும் போகலாம், காற்றில் தள்ளியும் போகலாம். நீங்கள் பார்த்த படத்தின் நேரத்தையும் பாருங்கள். அரை மணி நேரப் பழசாக இருந்திருக்கும்.

கேள்வி: இனி ஏஐ எல்லாம் சொல்லிவிடுமாமே? (விஐடி பக்கம்)

பாதையை நன்றாகச் சொல்கிறது, சில சமயம் பழைய மாடல்களைவிட நன்றாக. ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியிலிருந்து தன் ஏஐ மாடலை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. பலத்தைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. அதன் படத்திலும் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டால் எங்களுக்குக் கவலையில்லைதானே? ஆற்றோரத்தில் மோட்டார் ஷெட் இருக்கிறது. (பொன்னை, விவசாயி)

உங்களுக்கு மட்டும் அந்த நிம்மதி கிடையாது. வேலூரில் வெயில் அடித்தாலும் பொன்னையாற்றுக்குத் தண்ணீர் சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே கலவகுண்டா அணையைத் திறந்தால் உங்கள் ஆறு நிரம்பும். 2021 டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னை ரயில் பாலத்தின் தூண் பழுதாகி ரயில்களை ரத்து செய்தார்களே, அந்த வருஷத்து வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். சித்தூர் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று கேட்டால் அன்று சாயங்காலமே மோட்டாரைக் கழற்றி மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியையும் சேர்த்து.