ஆறு கடை போதும்

ஐயா,
நானும் நண்பன் ஒருவனும் அக்கரைப்பற்றில் ஒரு செயலி செய்கிறோம். பலசரக்குக் கடைக்காரர்கள் கடன் கொப்பிக்குப் பதிலாகப் போனில் கணக்கு எழுதலாம். தொடங்கி 11 மாதம். 43 கடைகளில் போட்டுக் கொடுத்தோம், இப்போது பாவிப்பது 6. காலையில் லேப்டொப்பைத் திறக்கவே மனம் வருவதில்லை. உற்சாகத்தை எப்படித் தக்கவைப்பது?
- ர.

அன்புள்ள ர.,

உங்களைக் களைக்க வைப்பது அந்த 37 கடைகள். இந்த மாதம் அவற்றை மறந்துவிடுங்கள். ஆறு பேர் இன்னும் பாவிக்கிறார்கள். கடிதத்தில் உள்ள நல்ல செய்தியை முறைப்பாடாக எழுதியிருக்கிறீர்கள்.

மஃரிபுக்குப் பிறகு, கூட்ட நேரத்தில், அந்தக் கடைகளில் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள். "செயலி எப்படி?" என்று கேட்காதீர்கள். "நல்லாரிக்கி மகன்" என்பார்கள், அது மரியாதைக்கு. கையைப் பாருங்கள். ஒரு கை பருப்பை நிறுக்க, மற்றக் கை கொப்பியில் ஒரு வரி கிறுக்கும். ஐந்து செக்கன் ஆகாது. அதே வரிக்கு உங்கள் செயலியில் எத்தனை செக்கன்? போன் லொக் திறப்பதிலிருந்து எண்ணுங்கள். பதினைந்தைத் தாண்டினால், மற்றவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்று வேறெங்கும் தேட வேண்டாம்.

மாத முடிவில் "பாக்கி கட்டவும்" என்று எஸ்எம்எஸ் போகும்படி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வயற்காரர் கடனை அடைப்பது நெல் வெட்டிய பிறகு: பெரும்போகத்துக்கு மாசி, பங்குனி; சிறுபோகத்துக்கு ஆவணியை ஒட்டி. கார்த்திகை மழையில் எஸ்எம்எஸ் போனால் கடைக்காரருக்குத்தான் வெட்கம். ஆனால் அந்த மழைக்காலத்தில்தான் கொப்பி தடிக்கும். அப்போதும் செயலி திறக்கப்படாவிட்டால் பருவத்தைச் சாட்ட முடியாது.

சுவரில் ஒரே ஒரு எண்ணை எழுதுங்கள்: இந்த வாரம் மூன்று நாளாவது கடன் எழுதிய கடைகள் எத்தனை? எத்தனை பேர் செயலியைப் போனில் இறக்கினார்கள் என்பது நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளும் கணக்கு. ஆறு ஏழானால் அடுத்த நாள் லேப்டொப் தானாகத் திறக்கும்.

காசையும் எண்ணுங்கள். கையில் 3 இலட்சம், மாதச் செலவு 50,000 என்றால் ஆறு மாதம். தொடர்வதா விடுவதா என்ற முடிவை நாலாம் மாதத்திலேயே எடுங்கள். கடைசி மாதத்தில் எடுப்பது பயம் எடுக்கும் முடிவு.

நண்பனோடு பங்கைப் பேசிவிட்டீர்களா? பாதிப் பாதி என்று வாயால் சொல்லியிருப்பீர்கள். நாளைக்கு அவருக்குக் கத்தாரில் வேலை கிடைத்தால்? ஒரு தாளில் எழுதுங்கள்: அவரவர் பங்கு நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் வருடம் முடியுமுன் போனால் ஒன்றுமில்லை, முடிந்தால் கால்வாசி, பிறகு மாதத்துக்கு அந்தப் பங்கில் 48இல் ஒன்று. இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனச்சோர்வில் பாதி இந்தப் பேசாத பேச்சாகவும் இருக்கலாம்.