ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள அம்மாவை மலையிலிருந்து கீழே கூட்டி வந்துவிட வேண்டுமா?

கோத்தகிரியில் 40 வருடமாக இருக்கும் அம்மாவுக்கு 67 வயதில் இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லிவிட்டார்கள். உயரமும் குளிரும் ஆகாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். கோவைக்கு வரச் சொன்னால் அம்மா அசைய மாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் குன்னூர்க்காரி. இதே துடிப்போடு எனக்கு 11 வருடம் ஓடிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

உயரத்தை நினைத்து மட்டும் அம்மாவைப் பெயர்க்காதீர்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். கீழிருந்து புதிதாக ஏறி வருபவருக்கு முதல் ஓரிரு நாள் துடிப்பு கூடும். அங்கேயே வாழ்ந்த உடம்புக்கு அந்தக் காற்று பழகியது. இதயம் பலவீனமாகி நீர் கோத்துக்கொள்கிறது, நுரையீரல் நோயும் இருக்கிறது என்றால் கதை வேறு. அதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் அழுத்திச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் அங்கே தேங்கும், தேங்கினால் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. படபடப்பு நம்மை மிரட்டும், ஆளை முடக்குவது கட்டிதான். எனக்கு ஆரம்பத்தில் இதை யாரும் சொல்லவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று போன இடத்தில் வாயு என்று சொல்லி ஏழு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு ஈசிஜி எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஏழு மாதத்தில் எதுவும் நடக்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

அம்மாவுக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்களா? சின்ன வயதில் தொண்டை வலி, மூட்டு வீக்கம் என்று ரூமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் நிறைய. நானும் அப்படித்தான். ரத்தம் உறையாமல் இருக்க, வால்வு நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அபிக்சபான் மாதிரி புது மாத்திரை கொடுப்பார்கள், அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம். ரூமாட்டிக் வால்வுச் சுருக்கம் உள்ளவர்களுக்குப் பழைய வார்ஃபரின் வகைதான். 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வந்தது. அதில் ரிவரோக்சபான் என்ற புது மாத்திரையைவிடப் பழைய மாத்திரை எடுத்தவர்களே நன்றாக இருந்தார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் புதுசு போடுகிறாரே என்று பார்த்து மாற்றக் கூடாது.

வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும்; ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது. எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் வருடம் அது நிற்கவே இல்லை. கீரை ஆகாது என்று யாரோ சொல்ல, அறவே விட்டேன், ஏறியது. பிறகு தோட்டத்தில் கோஸும் ப்ரோக்கோலியும் வந்த நேரம் தினமும் அதுவே குழம்பு, பொரியல் என்று சாப்பிட்டேன், சரசரவென்று இறங்கியது. பச்சைக் காய்கறியில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். விட வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

நாடி பார்க்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்தத் துடிப்புக்கு ஒத்து வராது; முழு நிமிடம் எண்ண வேண்டும். சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராததால் நாடி குறைவாகக்கூடத் தெரியும். வீட்டில் பிபி பார்க்கும் மெஷினும் குழம்பும், மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால் கொடுத்திருந்தால் கைவிரல் சில்லென்று இருக்கும். மார்கழிக் காலையில் அந்த விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் ஏதோ ஒரு எண்ணைக் காட்டி வயிற்றைக் கலக்கும். கையைச் சூடு பண்ணிவிட்டுப் பாருங்கள். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கென்று சில காரியங்கள் இருக்கின்றன. 2009 நவம்பர் மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. மண் சரிந்து பல சாலைகள் துண்டானது, 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதனால் ஐப்பசி பிறந்தாலே என்னிடம் ஒரு மாத மாத்திரை கூடுதலாக இருக்கும். சளி பிடித்தால் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து சேர்ந்திருக்கும், அது துடிப்பை ஏற்றிவிடும். முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போட்டால் ரத்தக் கசிவு ஆபத்து. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மருந்துக்கடையில் முதலில் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று, வாசல் படி. பாசி பிடித்த படியில் வழுக்கித் தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டுப் படிக்கு இரும்புக் கைப்பிடி போட்டோம், மழைக்கு முன் பாசியைச் சுரண்டிவிடுவோம்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிப்போவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மலைப்பாதையே அதில் பாதியைத் தின்றுவிடும். எந்த மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டது என்ற சீட்டு கையில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஊசி போடலாமா என்று முடிவெடுப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

உங்கள் அம்மா தனியாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கூப்பிட்டால் ஓடி வர ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் கோவைப் பேச்சில் நியாயம் இருக்கிறது. இருக்கிறது என்றால் அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்து வையுங்கள். என் மகளும் கோவையில்தான். "கீழே வந்துவிடும்மா" என்றே ஆரம்பித்தாள், எனக்கும் அவளுக்கும் ஆறு மாதம் முறுகல். பிறகு ஒரு சனிக்கிழமை மேலே வந்து, மாத்திரை டப்பாவைக் கிழமை வாரியாக நிரப்பி, எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன். "போட்டாச்சா?" "போட்டாச்சு." சில நாள் அதற்குமேல் பேச்சில்லை.

எக்கோ ரிப்போர்ட்டில் வால்வைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.