ஆபீஸ் நெட்வொர்க்கில் கிட் குளோன் மட்டும் பாதியில் அறுந்துபோவது ஏன்?

பிரவுசரில் எல்லாத் தளமும் திறக்கும். கிட் குளோன் (ஒரு ப்ராஜெக்டின் கோடை அதன் மாற்ற வரலாற்றோடு நம் கணினிக்கு நகலெடுப்பது) மட்டும் 63 சதவீதம் வந்து 'ஏர்லி ஈஓஎஃப்', அதாவது தரவு பாதியிலேயே முடிந்தது, என்று நின்றுவிடும். பெரும்பாலும் காரணம் நடுவில் இருக்கும் ப்ராக்ஸிதான்.

ப்ராக்ஸி என்பது உங்கள் கணினிக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் ஆள். கேட்டில் கூரியரை வாங்கி, பிரித்துப் பார்த்து, தன் டேப்பை ஒட்டி உள்ளே அனுப்பும் செக்யூரிட்டி போல. சின்னக் கவர் என்றால் சரி, லாரி லோடு வந்தால்? பல ப்ராக்ஸிகளில் ஓர் இணைப்புக்கு நேர வரம்போ அளவு வரம்போ வைத்திருப்பார்கள், மீறினால் துண்டிப்பு. குளோனோ முழு வரலாற்றையும் ஒரே மூட்டையாக இழுக்கும். அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது, மறுபடி பூஜ்யம்தான். எரிச்சலான விஷயம்.

மூட்டையைச் சின்னதாக்குங்கள்: குளோன் கட்டளையில் டெப்த் 1 (--depth 1) போட்டுக் கடைசி கமிட்டை (கடைசியாகப் பதிவான நிலையை) மட்டும் எடுங்கள். அப்புறம் ஃபெட்ச் கட்டளையில் டீப்பன் (--deepen) கொடுத்துப் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்.

தொடக்கத்திலேயே சர்டிஃபிகேட் (தளத்தின் அடையாளச் சான்று) பிழை வந்தால் அது வேறு கதை. செக்யூரிட்டி ஒட்டிய டேப்பை, அதாவது ப்ராக்ஸி தன் பங்குக்குக் காட்டும் சர்டிஃபிகேட்டை, கிட்டுக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்கு அடிப்படையான நிறுவனத்தின் ரூட் சர்டிஃபிகேட்டை ஐடி குழுவிடம் வாங்கி கிட்டில் சேருங்கள், சரிபார்ப்பையே அணைத்துவிடாதீர்கள்.

கிட்டின் போஸ்ட்பஃபர் (http.postBuffer) என்ற அமைப்பின் அளவை ஏற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது நாம் அனுப்பும் தரவுக்கானது, இறக்குவதற்கு உதவாது.