தம்பி ரிமாண்டில் இருக்கிறான்... 61-வது நாளைக் குறித்து வையுங்கள்

கேள்வி: என் தம்பி டூவீலர் மெக்கானிக். பைக் திருட்டு வழக்கில் கைதாகி ஜூன் 9 முதல் கிளைச் சிறையில் இருக்கிறான். ஜாமீன் மனு ஒருமுறை தள்ளுபடியாகிவிட்டது. காவலை நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். அவன் குற்றவாளி என்று முடிவாகிவிட்டதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை சகோதரி. கோர்ட்டில் விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. இப்போது நடப்பது போலீஸின் புலன்விசாரணை. அது முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும், சாட்சிகள் கூண்டேற வேண்டும், அவர்களை உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தீர்ப்பு அதற்கும் பிறகுதான். ரிமாண்ட் தண்டனை அல்ல. அக்கம்பக்கத்தில் கேட்பவர்களிடமும் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

அந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. மரணம், ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை என்று தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உங்கள் தம்பியின் உரிமை (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 187(3)). முன்பு மனு தள்ளுபடியானது இதற்குத் தடையில்லை. கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டிக்கூட இந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது என்று, மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எஃப்.ஐ.ஆர். நகலில் திருட்டுப் பிரிவு மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். அது மட்டும் என்றால் 60 நாள். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஜூன் 9-ல் தொடங்கினால் ஆகஸ்ட் 7 அறுபதாவது நாள். ஆகஸ்ட் 8 காலையில் கோர்ட் திறந்ததும் மனு போட்டுவிட வேண்டும். ஜாமீன் தானாக வராது. "ரெண்டு நாள்தானே, திங்கட்கிழமை போட்டுக்கலாம்" என்று இருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, உரிமையும் போய்விட்டது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். ஜாமீன்தாரர் இருவரையும் இப்போதே பேசி வைத்து, அவர்களுடைய ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். உத்தரவு கிடைத்த பிறகும் அதற்காக உங்கள் தம்பி உள்ளே காத்திருக்கக் கூடாது.