இலக்கிய விடைத்தாளில் எதைத் திருத்துகிறோம்? – கேள்வி பதில்

கேள்வி: வகுப்பில் நடத்திய கவிதைகளையே தேர்வில் கேட்கிறேன். எல்லோரும் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனாலும் திருத்தும்போது நிறைவு வரவில்லை. ஏன் ஐயா?

பதில்: நீங்கள் சொன்ன விளக்கம் உங்களிடமே திரும்பி வருகிறது, அதனால்தான். நடத்திய பாடத்தைக் கேட்டால் நினைவாற்றல் தெரியும், வாசிப்பு தெரியாது. பாதி மதிப்பெண்ணுக்காவது மாணவர் பார்த்திராத பகுதியைக் கொடுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற இலக்கியத் திறனாய்வாளர், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களிடம் கருத்து எழுதி வாங்கினார். 1929இல் அவற்றை ஆராய்ந்து நூலாக்கினார். நன்கு படித்தவர்கள்கூட வரிகளின் நேர்ப்பொருளிலேயே தடுமாறியிருந்தது அதில் வெளிப்பட்டது.

ஒருமுறை நானே இரண்டு வரி எழுதிக் கரும்பலகையில் போட்டேன்:

பூட்டிய வீட்டின் வாசலில்
இன்றும் விழுகிறது நாளிதழ்.

ஒரு மாணவி, "கவிஞர் தனிமைத் துயரை உள்ளம் உருகப் பாடியுள்ளார்" என்று எழுதினாள். ஒரு மாணவன் எழுதியது: "'இன்றும்' என்பதில் உள்ள 'உம்', நேற்றும் விழுந்ததைச் சொல்கிறது. நேற்றையதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். நாளிதழ் போடுபவருக்கு மட்டும் சேதி தெரியாது." முதல் விடையை எந்தச் சோகக் கவிதைக்கு அடியிலும் எழுதிவிடலாம். இரண்டாவது, இந்த இரண்டு வரிக்கு மட்டுமே பொருந்தும். மதிப்பெண் போக வேண்டிய இடம் அதுதான். இப்படி வரும் 'உம்'முக்கு இலக்கணம் தரும் எச்சவும்மை என்ற பெயர் அவனுக்கு நினைவில் இல்லை. அதற்காக நான் குறைக்கவில்லை.

கேள்வி: எனக்கு உடன்பாடில்லாத பொருளை ஒருவர் எழுதினால்?

பதில்: எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் வரிகள் இடம் தருகின்றன. முழு மதிப்பெண் கொடுக்கலாம். வெள்ளம் வந்து வெளியேறினார்கள் என்றால் வரியில் அதற்கு ஆதாரமில்லை.

கேள்வி: ஒரே விடைக்கு நான் பத்துக்கு எட்டு போட்டேன், சக ஆசிரியர் நான்கு போட்டார். யார் சரி?

பதில்: இது பழைய நோய். 1961இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் 53 பேர் 300 கட்டுரைகளை ஒன்பது தரங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் 101 கட்டுரைகள், ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் பெற்றன! ஆகவே திருத்தத் தொடங்கும் முன் ஐந்து விடைத்தாள்களை இருவரும் தனித்தனியே திருத்துங்கள். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து, வேறுபட்ட இடத்தில் வாதாடுங்கள். எதற்கு மதிப்பெண் என்பது அந்த வாதத்தில்தான் தெளியும். பெயரை மறைத்துவிட்டு, ஒரு கேள்வியை எல்லாத் தாள்களிலும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். இரண்டு தாள்களை அருகருகே வைத்து எது மேல் என்று கேட்பதும் உதவும். ஒப்பிட்டுத் தீர்மானிக்கும் இந்த முறைக்கு 1927இலேயே தர்ஸ்டன் என்ற உளவியலாளர் கணித அடிப்படை தந்திருக்கிறார்.

கேள்வி: விடைத்தாளில் நிறையக் குறிப்பு எழுதித் தருகிறேன். மாணவர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

பதில்: எண்ணைப் பார்த்தவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. ரூத் பட்லர் என்ற கல்வி உளவியலாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகளே முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. முதலில் குறிப்பை மட்டும் கொடுங்கள். அவர்கள் ஒரு பத்தியைத் திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். குறிப்பும் ஒன்று போதும், அது கேள்வியாக இருக்கட்டும். "நன்று" என்பதற்குப் பதில் "'உருக்கம்' என்கிறாய், எந்தச் சொல்லில்?" என்று கேளுங்கள்.

கேள்வி: நன்றாகப் பேசுகிறான், எழுத வரவில்லை. அவனை எப்படி மதிப்பிடுவது?

பதில்: உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிறுத்துகிறானா, பொருள் முடியாததை உணர்ந்து அடுத்த வரிக்குத் தாண்டுகிறானா என்று கவனியுங்கள். பிறகு, "ஏன் அங்கே நிறுத்தினாய்?" என்று கேட்டுவிட்டு அவன் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதுவே அவனுடைய விடைத்தாள்.